கடைசி மணிக்குப் பிறகு பஸ் ஏறியவளுக்கு

போன வாரம் வேலிக் கம்பி கிழித்துக் காலில் காயம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் காயத்துக்குக் கட்டும் புதிய காஸ் துணிப் பொட்டலத்தைப் பிரித்தாள். வெளுத்த பருத்தியின் அந்த உலர்ந்த வாசனை வந்ததும் காயத்தின் எரிச்சல் மறந்துபோனது. உன் வீட்டு வாசனை அது. இராஜபாளையத்தில் உங்கள் வீட்டை ஒட்டிய கட்டடத்தில் பேண்டேஜ் துணி வெளுத்துக் காயப்போடுவார்கள். உன் அம்மா அங்கேதான் துணி மடிக்கும் வேலைக்குப் போனார்கள். உன் சேலை, உன் தோள் பை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நீ கொண்டுபோகும் பைபிளின் உறை, எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறியிருக்கும். நர்ஸ் என் கண்ணைப் பார்த்துவிட்டு ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியவை சேர்ந்துகொண்டே போகின்றன.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வெளிநாட்டு உதவியோடு பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கம் கொடுத்த சாமான்களும் பயிற்சிகளும் உண்மையிலேயே பிள்ளைகளுக்குப் பயன்படுகின்றனவா என்று பார்த்து எழுதும் வேலை. தலைமை அலுவலகம் மதுரையில். நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு மேலே ஓர் அறை. உனக்கு மொபெட் ஓட்டத் தெரியும், எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் நம்மை ஜோடி சேர்த்துவிட்டார்கள்.

என் அத்தாவுக்கு என்னை வெளியூர்களுக்கு அனுப்ப மனமில்லை. கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்தவர்; நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கவலை. நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே கடைக்குப் போய்விட்டாய். ராத்திரி சாப்பிடும்போது அத்தாதான் சொன்னார். ஒரு பிள்ளை வந்து செருப்புப் பார்ப்பதுபோல உட்கார்ந்ததாம். இரண்டு மூன்று ஜோடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒங்க மகள நாந்தான் கூட்டிட்டுப் போவேன், நாந்தான் வாசல்ல கொண்டாந்து விடுவேன், மாமா" என்றதாம். அந்த 'மாமா'வுக்குப் பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. கடைசிவரை அவருக்கு நீ மருமகள்தான்.

எத்தனை ரோடுகள் சுற்றினோம். செட்டியார்பட்டி, தளவாய்புரம், மலையடிவாரத்துச் சிற்றூர்கள். நீ ஓட்டுவாய், நான் பின்னால் கேள்வித்தாள் பையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பேன். டீக்கடை பெஞ்சில் இருக்கும் ஆம்பளைகள் இரண்டு பெண்கள் மொபெட்டில் போவதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நீ வண்டியை நிறுத்தி அவர்களிடமே வழி கேட்பாய். பிறகு அவர்கள் நமக்கு வேண்டியவர்களாகிவிடுவார்கள்.

இராஜபாளையத்துக்குத் தெற்கே இருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நாம் போனது மழைக்காலத்தில். அந்தப் பக்கத்தில் அப்போது கம்ப்யூட்டர் என்றால் பேங்கில் பார்ப்பதுதான். அந்த உதவித் திட்டத்தில் அந்தப் பள்ளிக்கு ஓர் அறை நிறையக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, கோயில் மாதிரி வைத்திருந்தார்கள். பள்ளி விட்டபிறகு வகுப்பு. ஆனால் ஒரு சில பிள்ளைகள்தான் இருந்தார்கள், அவர்களும் அந்தத் தெருக்காரர்கள். மற்றவர்களுக்கு இதில் ஆர்வம் இல்லை, கிராமத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று கம்ப்யூட்டர் ஆசிரியர் வருத்தத்தோடு சொன்னார். நல்ல மனிதர். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அடுத்த மாதத்துக்குள் அறிக்கை போக வேண்டும். பயன்படாத இடத்திலிருந்து இயந்திரங்களை எடுத்துப் பெரிய ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும்.

நீ எதுவும் எழுதவில்லை. மறுநாள் சாயங்காலம் மொபெட்டை அந்தப் பள்ளியிலேயே விட்டுவிட்டு, கடைசி மணி அடித்ததும் ஓடுகிற பிள்ளைகளோடு நீயும் ஓடிப்போய் டவுன் பஸ்ஸில் ஏறினாய். வேறு வழியில்லாமல் நானும் ஏறினேன். நெரிசலில் நமக்கு இடையில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மாட்டிக்கொண்டாள். கம்ப்யூட்டர் பிடிக்காதா என்று அவளிடம் கேட்டாய்.

"தொட்டுப் பாக்கணும்னு ஆசைதான்க்கா. இந்த பஸ்ஸ விட்டா பொறவு இருட்டுனப்புறந்தான் வரும். மில்லு விட்ட ஆளுக தொங்கிக்கிட்டு வருவாக. அதுல வந்தேன்னா எங்கம்மா பள்ளிக்கூடத்தையே நிப்பாட்டிருவா."

பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். தளவாய்புரத்தில் இறங்கும்போது என் கைத்தாளில் 'ஆர்வமின்மை' என்ற சொல் வியர்வையில் கலங்கியிருந்தது.

அதை அறிக்கையில் எழுதினால் நம் வேலை முடிந்தது என்று நான் சொன்னேன். எழுதி, அதை மதுரையில் படித்து, டில்லிக்கு அனுப்பி, அங்கிருந்து பதில் வருவதற்குள் இயந்திரங்கள் போய்விடும் என்றாய் நீ. நாம் அளக்க வந்தவர்கள், சரி செய்ய வந்தவர்கள் இல்லை என்று நான் வாதாடினேன். அன்றைக்கு நீ என்னிடம் கோபப்படவில்லை.

வகுப்பைப் பள்ளி நேரத்துக்குள் மாற்றலாமா என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டாய். உத்தரவில் பள்ளி நேரத்துக்குப் பிறகு என்று இருக்கிறது, மாற்றினால் தன் தலைக்கு வரும் என்றார். பஸ் டெப்போவில் போய்க் கேட்டாய். பயணிகளே வந்து கேட்டால் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சுக்குப் போகவில்லை. வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் பேசினாய். திங்கட்கிழமை அவர்கள் மில்லில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு, கொண்டையில் பஞ்சு ஒட்டியிருக்க, டெப்போ வாசலில் வந்து நின்றார்கள். அதிகாரி திகைத்துப்போனார். நானும் வந்திருந்தேன். உன் பின்னால் நின்றேன், வாய் திறக்கவில்லை. ஆனால் நின்றேன்.

பஸ் ஒரு மணி நேரம் தள்ளிப் புறப்பட ஆரம்பித்தது. முதல் நாள் அந்த அறைக்குள் நுழைந்த பிள்ளைகளின் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. ஆசிரியர் பாவம், யாரை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் தவித்தார். நீ ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாய். உள்ளே வரச் சொல்லி நான் கூப்பிட்டும் வரவில்லை.

மதுரையிலிருந்து நம் தலைவர் வந்தார். கெட்டவர் இல்லை; தொழிலை மதித்தவர். ஆய்வுக்குப் போன இடத்தை நாமே மாற்றிவிட்டால் முன்னும் பின்னும் எதை வைத்து ஒப்பிடுவது, இந்தப் பள்ளியே ஆய்வுக்குக் கெட்டுப்போனது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நீயும் அதை மறுக்கவில்லை.

"தராசத் தொட்டது தப்புதான் சார். ஆனா சாமான் கீழ விழுந்துக்கிட்டிருந்துச்சு. பாத்துக்கிட்டு நிக்க முடியல."

உன் வேலை அந்த மாதத்தோடு நின்றது. நானும் வருகிறேன் என்று பையை எடுத்தபோதுதான் நீ என்னை முதல்தடவையாக அதட்டினாய்.

"ஏட்டி, நீயும் வந்துட்டா இத யாரு எழுதுவா? ஒக்காந்து எழுது."

எழுதினேன். பள்ளியை ஆய்விலிருந்து நீக்கினார்கள். ஆனால் பஸ் நேரத்தைப் பற்றி நான் எழுதியதைத் தலைவரோடு மன்றாடி அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்தேன். கம்ப்யூட்டர்கள் அங்கேயே இருந்தன. நீ நாகர்கோவிலில் கல்யாணம் முடித்துக் கணக்கு டீச்சராகப் போனாய். நான் இதே வேலையில் ஊர் ஊராக, பிறகு நாடு நாடாகப் போனேன். ஓர் அரசாங்கம் புதிதாக ஏதாவது கணினியில் கொண்டுவந்தால் அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கிற வேலை.

உடம்பு முடியாமல் நீ இராஜபாளையத்துக்குத் திரும்பி வந்து தம்பி வீட்டில் இருந்தபோது வந்து பார்த்தேன். தலைமுடி போயிருந்தது. ஸ்கார்ஃப் கட்டியிருந்தாய். நான் முக்காடு போட்டிருந்தேன். கண்ணாடியில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இப்பதான் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கோம் என்று சிரித்தாய். அந்த பஸ் பிள்ளை பிறகு என்ன ஆனாள் என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. படித்தாளா, மில்லுக்குப் போனாளா, ஒன்றும் தெரியாது. உனக்குச் சந்தோஷமாக எதையாவது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. ஒண்ணா ஓடி ஏறுனோம்ல, அது போதும்."

உன் கால்களைப் பிடித்துவிட்டேன். தூங்கிவிட்டாய். அதுதான் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்துக்குப் போனேன். விவசாய மானியம் கைபேசிக்கு வந்துவிடுகிற ஏற்பாடு. கூட்டத்துக்கு வந்த எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபிறகு, வராதவர் வீடு ஒன்றைக் காட்டச் சொல்லி, மக்காச்சோளக் காட்டு வழியே நடந்தேன். ஒரு பெண் தனியாகக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரே ஒரு கைபேசி. அது நகரத்தில் வேலை செய்கிற கணவனிடம் இருக்கிறது. மானியம் அங்கே போய்விடுகிறது. விதை வாங்க வேண்டியவள் இவள். சொல்லிமுடித்தபிறகு, கூட வந்த மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் நடந்து வந்து என்னிடம் கேட்டதற்கு நன்றி என்றாளாம்.

அவள் சொன்னதை அறிக்கையில் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். இந்த வேலையில் எனக்கு இத்தனை வருடமாக இருக்கிற ஒரே பழக்கம் அதுதான்: கூட்டத்துக்கு வராதவரைத் தேடிப் போவது. அது உன்னுடையது. ஆனால் பேட்டி கொடுத்தவர்களின் பெயரை எங்கேயும் போடக் கூடாது என்பது விதி. அதை நான் மீறுவதில்லை. பெயர்கள் என்னோடு தங்கிவிடுகின்றன.

உன்னிடம் சொல்லலாம். அவள் பெயர் நேமா.