இடைவேளையில் இரண்டு வார்த்தை

24.9.1991, செவ்வாய்
பழைய சிநேகிதன் யோகராஜா எனக்கு டெலிபோன் எடுத்தான். 'மூன்று மாமியார் மன்னன்' அடுத்த மாதம் ஐந்தாம் தேதி இங்கே லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் மறுபடி மேடையேறுகிறதாம். முழுக்கப் பாட்டிலேயே ஓடிச் சிரிக்கவைக்கும் பகிடி நாடகம். இருபத்தைந்து வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் அவன்தான் மன்னன், இப்போதும் அவன்தான். மாமியார்களைவிட மன்னனுக்கு வயது கூட.

"அண்டைக்கு நீ கடைசிப் பாட்டுக்கு முன்னமே பஸ்ஸுக்கு ஓடிப்போய், கழுதைக்கு முடிசூட்டினவை எண்டு பேப்பரிலை எழுதினனி. ஏழாந் தேதி எனக்குத் தொண்டையிலை ஒப்பரேசன். பிறகு குரல் இராதாம். இந்தமுறை இருந்து கேட்டுட்டு எழுதடா."

பகிடிக்காரன் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

1.10.1991
நித்திரை இல்லை. கழுதை நான்தான்.

5.10.1991, சனி
முதலில் விமர்சகன் கடமை. அரண்மனைத் திரை யாருடையதோ வீட்டு யன்னல் சீலை. மன்னர் எழும்ப, சிம்மாசனமும் கூடவே எழும்பியது. மூத்த மாமியாராக வந்த பஸ்தியாம்பிள்ளையரின் மீசை பவுடருக்கு அடங்கவில்லை. யோகராஜா மேல் ஸ்தாயியில் இரண்டு இடம் பிசகினான். ஆனால் கீழே இறங்கும்போது அந்தக் கரகரப்பு — கடவுளே, இவனிடம் இது எப்போது வந்தது? மன்னன் மாமியார்களின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கும் கடைசிப் பாட்டுக்காகக் காத்திருந்தேன்.

இடைவேளை. பிரதம விருந்தினர் நான். எனக்கு முன் நாலு பேர் பேசி, சனம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. பொன்னாடையைப் போர்த்துவிட்டு, "அண்ணை, ரெண்டு வார்த்தை" என்றார்கள். ஒரு பகிடி விட்டேன். சனம் சிரித்தது. இன்னொன்று விட்டேன். முப்பத்தைந்து நிமிஷமாம். மனைவி அருமைநாயகி முன்வரிசையிலிருந்து கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டிக் களைத்துப்போனாள். அதையும் பகிடியாக்கினேன்.

கடைசிக் காட்சி தொடங்க காவலாளி மண்டபத்தைப் பூட்டத் திறப்புக் கோர்வையோடு வந்தான். வாடகைக்கு எடுத்த நேரம் முடிந்ததாம். யோகராஜா கிரீடத்தோடு நின்று கெஞ்சினான்: ஒரு பாட்டு, ஐந்தே நிமிஷம். லைட் அணைந்தது.

என்ன செய்துபோட்டன்? ஐயோ, என்ன செய்துபோட்டன்?

6.10.1991
அவன் வீட்டுக்குப் போனேன். "எனக்கு மட்டும் பாடடா."
"மாமிமார் இல்லாமல் ஆரின்ரை காலிலை விழுறது?" என்று சிரித்துவிட்டுத் தொடங்கினான். காற்றுத்தான் வந்தது. நேற்று முழுக்கப் பாடிய தொண்டை. நாளை ஒப்பரேசன்.

20.10.1991
ஆஸ்பத்திரியில் என் விமர்சனத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். சிம்மாசனம் எழும்பிய இடத்துக்குச் சத்தமில்லாமல் சிரித்தான். தாளில் எழுதிக் கேட்டான்: 'கடைசிப் பாட்டு?'
"கேக்கேல்லை, என்ரை வாய்தான் அதைத் திண்டது எண்டு எழுதியிருக்கிறன்."
பேனையை மறுபடி எடுத்தான்: 'பேச்சு நீளம். பகிடி பழசு.'
கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

14.3.1992, சனி
அதே மண்டபம், அதே நாடகம். பஸ்தியாம்பிள்ளையர் மன்னன். யோகராஜா கழுத்தில் சால்வையோடு மேடையோரம் இருந்து தாளம் போட்டான். இடைவேளையில் என்னை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள்.
"நாடகம் தொடரட்டும்" என்றுவிட்டு இறங்கினேன்.
கடைசிப் பாட்டு வந்தது. மன்னனை நான் பார்க்கவில்லை. பாட்டோடு அசைந்த யோகராஜாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடமும் பிசகவில்லை.