உறுதிமொழியின் கீழே பதினேழு பெயர்

24 ஜனவரி 1943, ஞாயிறு
பனி. சாமுண்டி மலை கண்ணில் படவில்லை. வாசகசாலையில் ஒட்டடை அடித்தோம். இரண்டு பெஞ்சு இரவல். சுதந்திர உறுதிமொழியைத் தமிழில் பெரிய நோட்டில் பிரதி எடுத்தேன். முதுகு வலி.

26, செவ்வாய்
பதினேழு பேர். நான் வாசிக்க, எல்லோரும் நின்றுகொண்டு திருப்பிச் சொன்னார்கள். பிறகு கையெழுத்து. உதாரணம் சொன்னேன்: "நிலப் பத்திரத்தில் கையெழுத்து இல்லாவிட்டால் நிலம் யாருடையது? இதுவும் அப்படித்தான். பெயர், தெரு, வீட்டு எண், தெளிவாக."
வாசகசாலைக் காரியதரிசி முகம் சுளித்தார். "தெரு எதுக்கு ஓய்?"
"அடுத்த வருஷம் அழைக்க வேண்டாமா?"
காளியப்பன், ராமாபுரத்துக்காரர், சர்க்கார் தோட்டக்காரர். ஐம்பது வயதில் என்னிடம் மூன்று மாதமாக எழுதப் பழகுகிறார். மை டப்பாவை நகர்த்தி வைத்தார். "ரேகை வேண்டாமுங்க. நானே எழுதறனுங்க." வியர்த்துவிட்டது அவருக்கு. அழகான எழுத்து.

28, வியாழன்
போலீஸ் வந்து நோட்டை எடுத்துப் போய்விட்டது. பதினேழில் சர்க்கார் சம்பளக்காரர் காளியப்பன் ஒருவர்தான். மத்தியானம் தோட்டத்திலேயே பிடித்துவிட்டார்கள். அவர் மனைவி என் வீட்டு வாசலில்: "வேலை போனா குடியிருக்கற வீடும் போயிருமுங்க. நீங்கதானே எழுதச் சொன்னீங்க?"
ஆமாம். நான்தான். வீட்டு எண் வரை.


29, வெள்ளி
ஸ்டேஷன். பொய் சொன்னேன்: "எல்லாப் பெயரும் நான் எழுதியது. காளியப்பனுக்கு எழுத்தே தெரியாது. அன்று வரவும் இல்லை."
இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஹௌதா மேஷ்ட்ரே? அப்படியா வாத்தியாரே? பதினேழு பேருக்குப் பதினேழு விதமா எழுதுவீங்களோ? நாளைக்கு அவன் கையில பேனாவைக் கொடுத்துப் பாக்கலாம். எழுத வரலைன்னா வீட்டுக்குப் போகட்டும்."
காளியப்பனைப் பார்க்க விடவில்லை. அவர் மனைவி கொண்டுபோன சோற்றைக் காவலர் வாசலிலேயே வாங்கிக்கொண்டார். பெருவிரலை மட்டும் நீட்டு என்று காளியப்பனுக்கு எப்படிச் சொல்வது? வழி தோன்றவில்லை. சாயங்காலம் மறுபடி போனேன். விரட்டினார்கள்.

30, சனி
பத்து மணி. காளியப்பனை அழைத்து வந்தார்கள். என்னைக் கண்டதும் கும்பிட்டார். மேஜையில் தாள், பேனா, மை டப்பா.
இன்ஸ்.: "பேர் எழுத வருமா உனக்கு?"
வேண்டாம் என்று தலையை அசைத்தேன். தனக்கு எழுதத் தெரியாது என்று நான் நினைப்பதாகக் காளியப்பன் எடுத்துக்கொண்டார் போல. முகம் வாடியது.
"ஏனுங்க வராது? வாத்தியாரு சொல்லிக் குடுத்தாருங்களே."
நிதானமாக எழுதினார். வகுப்பில் செய்வது போலவே தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.
"சரிங்களா?"
இன்ஸ்பெக்டரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.