ஆணிப் பலகையில் ஒரு தகடு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் வலது முட்டியைத் தவிர இங்கே எல்லாம் நலம், நீ எப்படி இருக்கிறாய் என்பதை நீதான் சொல்லவேண்டும். போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீ கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிட்டாய் என்று உன் அறைத் தோழன் வாய்தவறி அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. நீயாகச் சொல்லட்டும் என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், என் சுபாவத்துக்கு அதுவே பெரிய விஷயம். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன், முதலில் சங்கத்துக் கதையைக் கேள்.

வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் கொடிகளைத் தேடி ஓடுகிற நம் ஓரியன்டீரிங் சங்கத்துக்கு நான் செயலாளராகி ஒரு வருடம் ஆகிவிட்டது. போன வருடப் பொதுக்கூட்டத்தில் யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டதும் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், நான் ஒருத்தி தண்ணீர் குடிக்க நிமிர்ந்தேன், மாட்டிக்கொண்டேன். தலைவர் நம் பல் டாக்டர்தான், அவர் மேடையில் பேசுவார், மிச்சமெல்லாம் என் தலையில். கோடை முழுக்கக் காட்டு வரைபடத்தைத் திருத்தினோம். போன மழையில் ஓடை தடம் மாறிவிட்டது, வரைபடத்தில் மரப்பாலம் இருக்கிற இடத்தில் இப்போது வெறும் முட்புதர், அங்கே கொடி நட்டிருந்தால் ஓடுகிறவர்கள் எங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அப்புறம் பள்ளிப் பிள்ளைகளைப் பூங்காவில் நிற்கவைத்துத் திசைகாட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தோம், பாதிப் பேர் வடக்கு என்று ஐஸ்கிரீம் வண்டியைக் காட்டினார்கள். வனத்துறை அனுமதிக்காக நான் நடந்த நடையில் அந்த அலுவலகத்து நாற்காலிக்கே என்னை அடையாளம் தெரியும். கீழ்வீட்டு அம்மா வேறு, "காட்டுக்குள்ள போய் வழிதெரியாம திரியறதுக்கு காசு கட்டி வேற போறாங்களா?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்.

ஆண்டுப் போட்டி நன்றாகத்தான் ஆரம்பித்தது. நீ சின்னப் பையனாக ஓடியபோது இருந்த அதே ஆணிப் பலகைதான் இன்னும். காட்டுக்குள் போகும்போது அவரவர் எண் தகட்டை அதன் ஆணியில் மாட்டவேண்டும், முடித்தாலும் முடிக்காவிட்டாலும் மேசைக்கு வந்து தகட்டைத் தானே கழற்றவேண்டும், பலகை காலியானால்தான் எங்களுக்கு வீடு. மதியத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொருவராகச் சேறும் சகதியுமாக வந்து கழற்றினார்கள், கடைசியில் ஒரே ஒரு தகடு தொங்கிக்கொண்டிருந்தது, உன் அப்பாவுடையது. சங்கத்தில் வேகமாக ஓடுகிற நம் தபால்காரரை முந்திக்காட்டுகிறேன் என்று ஒரு வாரமாக வாய்ச்சவடால் அடித்துவிட்டுப் போனவர். போன் அவர் பையில், பை என் மேசைக்கடியில். வனக்காவலர்கள் விசில் ஊதிக்கொண்டு உள்ளே போனார்கள், பல் டாக்டர் சேற்றில் ஒரு ஷூவைப் பறிகொடுத்தார். ஓடையில் விழுந்து கிடக்கிறார் என்றே நான் முடிவுகட்டிவிட்டேன். இத்தனை வருடம் அந்த மனிதரோடு சண்டை போட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. டார்ச்சும் மாற்றுத்துணியும் எடுத்துவர வீட்டுக்குப் போன அக்காதான் அங்கிருந்து கூப்பிட்டாள். "அம்மா, தேடறத நிறுத்தச் சொல்லு. உன் வீட்டுக்காரர் போர்வைக்குள்ள குறட்டை விட்டுட்டு இருக்கார்."

முதலில் அழுதேன், அப்புறம் வந்தது பார் கோபம். திசைகாட்டியை ஓடையில் விட்டுவிட்டு, காட்டின் அந்தப் பக்கம் சாலையில் ஏறி, பால் வண்டியில் வீட்டுக்கு வந்து, குளித்துப் படுத்திருக்கிறார். மறுநாள் காபியை ஆறவிட்டுக்கொண்டு சொன்னார், "அவ்வளவு பேசிட்டு, ஓட்டத்த முடிக்காம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் மேசைக்கு வர்றது?" வன அதிகாரி கூப்பிட்டு, "உங்க வீட்டு ஆளே சொல்லாம போயிட்டாரு, பள்ளிப் பசங்கள நான் எந்த நம்பிக்கையில உள்ள விடறது?" என்றார். அடுத்த வருட அனுமதி அந்தரத்தில் நின்றது, காடு இல்லாமல் சங்கம் எதற்கு? சொல்லாமல் போனவருக்கு ஒரு வருடம் தடை என்பது விதி. செயற்குழுவில் பல் டாக்டர், "நம்ம அண்ணன்தானே, விட்டுடலாம்" என்று இழுத்தார். நான் விடவில்லை. தடைக்கு ஆதரவாக முதலில் கை தூக்கியவர் உன் அப்பாதான். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் அதிகாரி கையெழுத்துப் போட்டார். தடையால் ஓட முடியாதவருக்கு இப்போது பலகைப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம், பயிற்சி ஓட்டத்தில்கூடத் தகட்டைக் கழற்றாமல் ஒருவரும் நகர முடியாது, அவர் தொல்லை தாங்கவில்லை.

இனி உன் விஷயம். நீ படிப்பை விட்டது எனக்கு வருத்தம்தான், இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நீ எங்கே தங்கியிருக்கிறாய், கையில் செலவுக்கு இருக்கிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரியாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. காய் நறுக்கும்போதுகூட அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது. முடிக்காமல் வருகிறவர்களிடம் நாங்கள் மேசையில் காரணம் கேட்பதில்லை தம்பி, தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வோம், அவ்வளவுதான். வேறு படிப்பா, வேலையா, வீட்டுக்கே வருகிறாயா என்பதெல்லாம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன், அவரோ எழுந்து போய் உன் அறை ஜன்னலைத் துடைத்துவிட்டு வந்தார்.

நீ எங்கே இருந்தாலும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசியும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய், மறந்துவிடாதே.

உன் அம்மா

இதைப் படித்துவிட்டு அப்பா தன் பங்குக்கு எழுதச் சொன்னது: "ஞாயித்துக்கிழமை போனை நான்தான் எடுப்பேன். வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். நானும் முடிக்காம வந்தவன்தான்."