விளக்குக்காரன் மூடிய கதவு

மாமு,

இன்று காலை பல் துலக்கும்போது உன் மேல் கோபம் வந்தது. வழக்கமான பற்பசை தீர்ந்துபோய், கடையில் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒன்றை எடுத்து வந்திருந்தேன். அதன் புதினா காரம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், தேரடிக்குப் பின்சந்தில் இருந்த அந்த கேம் கடையில், சட்டை நுனியில் பற்பசையைத் தொட்டுத் தொட்டு, கீறல் போக சிடியைத் தேய்த்தபடி நீ வந்து உட்கார்ந்துவிட்டாய். வாய் நிறைய நுரையோடு உன்னைத் திட்டினேன். "யார்ட்ட பேசுதீங்க?" என்று உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள். யாரிடம் என்று சொல்வது? செத்துப்போனவனோடு போட்ட சண்டை ஒன்று இத்தனை வருஷம் கழித்து முடிந்திருக்கிறது, அதைச் சொல்ல ஆளில்லை என்றா?

ஆமாம், முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நம் கேமில் அந்தக் கதவுக்கு அப்பால் போய்விட்டேன். அதிலிருந்து கல்லாவில் இருப்புக்கொள்ளவில்லை. துவரம்பருப்பு கேட்டவருக்குக் கடலைப்பருப்பு கட்டிக் கொடுக்கிறேன். எழுந்து வாசலுக்குப் போகிறேன், கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்பதைப் பார்க்கிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன். எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு மூச்சு சீராகும். எங்கள் மளிகைக் கடைக்கு எதிர்ச்சந்தில் பாய் வைத்திருந்த கேம் கடை. உனக்கும் எனக்கும் சேர்த்து ஒரே ஜாய்ஸ்டிக். கடல்காற்றில் பட்டன்களின் அடியில் துருவேறி, ஒன்றை அமுக்கினால் இரண்டு வேலை செய்யும், இல்லையென்றால் ஒன்றுமே செய்யாது. ரோட்டில் கன்டெய்னர் லாரி போனால் சுவர் அதிர்ந்து சிடி திக்கும். நீ உடனே அதை வெளியே எடுத்துப் பற்பசை போட ஆரம்பிப்பாய். "நடுவுல இருந்து வெளிய தேய்க்கணும் அண்ணாச்சி. சுத்திச் சுத்தித் தேய்ச்சேன்னு வையி, பூட்ச்சு." குப்பத்துப் பையன் நீ. மளிகைக் கடைக்காரன் மகன் என்பதால் என்னை அண்ணாச்சி என்றே கூப்பிட்டாய். இத்தனைக்கும் உன்னைவிட நான் இளையவன்.

ஒரே ஜாய்ஸ்டிக் என்பதால் நமக்குள் ஒரு பாகப்பிரிவினை. சண்டை உனக்கு, பூட்டு எனக்கு. வாளைத் தூக்க வேண்டிய இடம் வந்தால் உன் கைக்குப் போகும். சாவி எங்கே, எந்தச் சிலையை எந்தப் பக்கம் திருப்புவது என்றால் என் கைக்கு வரும். கேட்காமலே கை மாறும். அதனால்தான் இன்றைக்கும் எனக்கு கேமில் சண்டை வராது. உனக்கு ஒரு சிலையைக்கூடத் திருப்பத் தெரியாது.

பழைய கேம் என்றாலே நான் உருகுவேன், நீ உருக மாட்டாய். கேமரா ஒரு மூலையில் அசையாமல் நிற்க, எதிரியின் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும் அந்த வகை கேம்களை நான் தலையில் வைத்துக் கொண்டாடினேன். கண்ணுக்குத் தெரியாததுதான் பயம் என்பது என் கட்சி. "இன்னா பயம்? கேமரா வெச்சவன் டீ குடிக்கப் பூட்டான். அவ்ளோதான்" என்பாய். கதவு திறக்கும்போது திரை முழுக்கக் கதவை மட்டும் காட்டுவார்களே, அது கேம் பெட்டி அடுத்த அறையைத் தயார் செய்வதற்கான சால்ஜாப்பு என்று இருவருக்குமே தெரியும். ஆனாலும் எனக்கு அது பிடிக்கும். உள்ளே போவதற்கு முன் மனதைத் தயார் செய்துகொள்ள ஒரு நிமிஷம் கிடைக்கும். இப்போதைய கேம்களில் அந்த நிமிஷம் இல்லை. போக வேண்டிய வழிக்கு அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்கள். நாயகன் தனக்குத்தானே பேசி விடையை உளறிவிடுகிறான். ஒரு பூட்டின் முன்னால் முழு மாலையும் முழிக்கிற உரிமையை எவன் பிடுங்கினானோ அவன் மேல் எனக்குத் தீராத ஆத்திரம்.

நீ பழைய கேமில் மதித்தது ஒன்றைத்தான். "நம்ம காலத்து வில்லன் சொல்லிட்டு அடிப்பான் அண்ணாச்சி. கைய தூக்குவான், ஒரு மூச்சு வுடுவான், அப்பால தான் அடி. அதான் மருவாதி." இதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் நம் கோட்டை கேம். அட்டை கிடையாது, பெயர் கிடையாது, எங்கேயோ நடைபாதையில் பாய் வாங்கி வந்த நகல். பேச்சும் எழுத்தும் ஜப்பான் மொழி. ஒரு வார்த்தை புரியாது. ஆகவே நீயே எல்லோருக்கும் குரல் கொடுத்தாய். கிரீடம் வைத்த ராஜா வாயைத் திறந்தால், "இன்னாடா பேஜாரு இது, கோட்டையில ஒரு பய வேல செய்ய மாட்டேன்றான்" என்று உன் குரல் வரும். பாய் கல்லாவில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

அதில் நாம் ஆட்டுவிக்கும் வாள்காரனோடு கூடவே வரும் அந்த ஒல்லியான விளக்குக்காரன். சண்டை போட மாட்டான், விளக்கைத் தூக்கிப் பிடிப்பான். நாம் சும்மா நின்றால் அவன் உட்கார்ந்து கொட்டாவி விடுவான். "தோஸ்துன்னா இவன்தான். நம்ம நின்னா குந்திக்கினு கீறான் பாரு." சுத்தியல் ராட்சசனை நீ வீழ்த்தியதும் இருவரும் ஓடுவார்கள். வாள்காரன் வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்ப்பான். விளக்குக்காரன் அந்தப் பக்கமே நின்று ஒரே ஒரு வசனம் பேசுவான், சங்கிலியை இழுப்பான், இரும்புக் கதவு விழும். அதன் பிறகு இருட்டு நடை, அதன் முடிவில் ஒரு மரக்கதவு. அதைத் தொட்டால் திரை கறுத்து நின்றுவிடும். எவ்வளவு பற்பசைக்கும் மசியாது. "அதுக்கு மேல அந்த சிடி போவாதுப்பா. வேற போடட்டா?" என்பார் பாய். நீ கேட்க மாட்டாய். வாள்காரனை அந்த இரும்புக் கதவுக்கே திருப்பிக் கூட்டிவந்து, வாளால் டங், டங் என்று அடிப்பாய். "இரு அண்ணாச்சி, ஒரு தட்டு தட்டிட்டுப் போலாம். உள்ள தான கீறான்."

அவன் ஏன் மூடினான்? இதுதான் நம் சண்டை. "நீ போ மாமு, நான் பாத்துக்கறேன்" என்றுதான் அந்த வசனம், தோஸ்துக்காக உயிரைக் கொடுத்தான் என்றாய் நீ. இருவர் தாராளமாகப் போகிற வாசலில் ஒருவன் நின்றுகொண்டு மூடினால் அது துரோகம், காட்டிக் கொடுத்துவிட்டான் என்றேன் நான். "அவன் சாவறான், நீ அவன திருடன்ற. வெக்கமா இல்ல?" என்று ஒரு முறை ஜாய்ஸ்டிக்கை வீசிவிட்டுப் போனாய். நீ விசைப்படகில் ஏறி, நான் கல்லாவில் உட்கார்ந்து, இருவருக்கும் கல்யாணம் ஆகி, தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் இந்தச் சண்டை ஓயவில்லை. போனில் வீடியோ தேடிப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் சொன்னேன். கையால் திறக்காத கதவு கதவே இல்லை, பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாய்.

பிறகு விசாகப்பட்டினத்துக்குப் படகு வேலைக்குப் போகிறேன் என்றாய். எப்போதாவது போனை எடுத்தால், "கடல்ல கீறேன், சிக்னல் இல்ல" என்பாய். பின்னால் பேருந்து ஹாரன் கேட்கும். கரைக்கு வந்திருப்பாய் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியாகப் பேசியபோது, "தீபாவளிக்கு வந்துருவேன் அண்ணாச்சி. எதுனா நல்ல கேமா பாத்து வெய்யி" என்றாய். தீபாவளிக்கு முன்பே உன் சாவுச் செய்தி வந்தது.

நீ விசாகப்பட்டினம் போகவே இல்லை. இரண்டு சிறுநீரகமும் கெட்டு, அரசு ஆஸ்பத்திரிக்கும் விம்கோ நகர் வீட்டுக்குமாக டயாலிசிஸுக்கு அலைந்திருக்கிறாய். என் கடையிலிருந்து நடந்து வருகிற தூரம். காரியத்தன்று உன் மனைவியிடம் கேட்டேன், ஏனம்மா எனக்குச் சொல்லவில்லை என்று. "உங்க கையில சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சுண்ணா. ஏன்னு கேட்டேன். அதுவும் சொல்லல" என்றது அந்தப் பெண். பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தது. விசாகப்பட்டினம் என்று எழுதி, கடற்கரைப் படம் போட்ட ஒரு பனியன் சட்டை. "அந்தப் பக்கம் லாரி ஓட்டுற என் தம்பிகிட்ட சொல்லி வாங்கியாரச் சொல்லிச்சு. உங்க அளவு." மாடித் தடுப்பில், பாயிடம் நீ வாங்கி வைத்த நம் கோட்டை சிடியைப் புறா வராமலிருக்கக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் அது பளிச் பளிச்சென்று திரும்பிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

அந்தச் சட்டையைப் பிரிக்கவில்லை. பொய்க்கு ஜோடனையா என்று பீரோவுக்குள் எறிந்தேன். உன் கட்சிப்படி நீ தியாகி, என்னை அழவிடாமல் காப்பாற்றினாய். என் கட்சிப்படி நீ துரோகி, கடைசியில் என்னைக் கூட வைத்துக்கொள்ளத் தகுந்தவனாக நினைக்கவில்லை. இதில் எது என்று தெரியாமல் எத்தனை நாள் பைத்தியக்காரன் மாதிரி அலைந்திருக்கிறேன் தெரியுமா? சொல்லிவிட்டு அடிப்பதுதான் மரியாதை என்றவன் நீ. நீ சொல்லவில்லையே, மாமு.

சில மாதங்களுக்கு முன் கடையில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம். ஏதோ ஒரு பழைய கேமைப் புதிய கேம் பெட்டிகளுக்காக மெருகேற்றி விடுகிறார்களாம், ஆங்கில எழுத்தோடு. ஒல்லியான ஒருவன் விளக்கைத் தூக்கினான். என் கை உன் எண்ணை அழுத்திவிட்டது. பிறகுதான் புத்தி வந்தது.

வாங்கினேன். பூட்டுகளையெல்லாம் சுலபமாகத் திறந்தேன், கை மறக்கவில்லை. படத்தை மினுக்கியிருக்கிறார்கள், வாளின் பழைய டங் சத்தத்தை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் புண்ணியவானுக்கு நன்றி. ஆனால் சுத்தியல் ராட்சசனிடம் மாட்டிக்கொண்டேன். அது உன் பாகம். வாராவாரம் ஞாயிறு மதியம் கடையடைத்துவிட்டு வந்து உட்காருவேன், அடி வாங்குவேன், எழுந்து வீட்டுக்குள் நடப்பேன். "சின்னப் பிள்ளைக விளையாட்டுக்கு இப்படியா?" என்பாள் மனைவி. கஷ்டத்தைக் குறைக்கட்டுமா என்று கேமே கேட்டது. முடியாது என்று அழுத்தினேன். போன ஞாயிறு உன் குரலையே பிடித்துக்கொண்டேன். கைய தூக்கறப்ப ஓடு. மூச்சு வுடறப்ப அடி. அடித்தேன். விழுந்தான்.

இருவரும் ஓடினார்கள். வாள்காரன் வாசலைத் தாண்டித் திரும்பினான். விளக்குக்காரன் நின்றான். அந்த வசனம் வந்தது, இந்த முறை கீழே எழுத்தோடு. இரு, நான் சுற்றி வருகிறேன். அவ்வளவுதான். கதவு விழுந்தது.

நான் வாள்காரனைத் திருப்பிக் கூட்டிவந்து கதவைத் தட்டினேன். எந்த கேமில் எந்தக் கதவு மூடினாலும் இதைத்தான் செய்கிறேன், உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி. பிறகு நடை. மரக்கதவு. தொட்டேன். திரை கறுத்தது, கதவு திறந்தது. பெரிய மண்டபம். கொஞ்ச தூரத்தில், பக்கவாட்டுப் படிக்கட்டில் ஒரு வெளிச்சம் ஆடி ஆடி இறங்கியது. விளக்குக்காரன் மாமு! மூச்சிரைக்க வந்து நின்று, இந்தக் கோட்டையில் படி அதிகம் என்று அலுத்துக்கொண்டான். வாள்காரன் நின்றதும் வழக்கம்போல உட்கார்ந்து கொட்டாவி விட்டான்.

நாம் இருவருமே தோற்றோம். அவன் தியாகியும் இல்லை, துரோகியும் இல்லை. திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான், நமக்குத்தான் மொழி தெரியவில்லை. ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு நேராக பீரோவுக்குப் போனேன். என் அளவுக்குச் சட்டை வாங்கி வைத்தவன் சாகிறவனா? ஊரிலிருந்து வந்தவன் மாதிரி கடை வாசலில் வந்து நின்று, இந்தா அண்ணாச்சி என்று நீட்ட நினைத்தவன் அல்லவா. என்னைக் காப்பாற்றவும் இல்லை, கைவிடவும் இல்லை. உடம்பு தேறும், சுற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று நம்பியிருக்கிறாய், பாவி. அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்தச் சட்டையைத்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன். வயிற்றில் கொஞ்சம் பிடிக்கிறது. சற்று முன் சோப்பு வாங்க வந்த பக்கத்துத் தெருப் பெண்மணி நெஞ்சில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு, "இன்னா அண்ணாச்சி, விசாகப்பட்டினமா போய்வந்தீங்க?" என்றார்.

"நான் போகலம்மா," என்றேன். "என் தோஸ்து போயிருந்தான்."