புளிப்பு வாடை இல்லாத பசை

மார்ச் 3
பேக்கரிக்காரர் மின்சார அடுப்பின் சர்க்யூட் போர்டைக் கொண்டுவந்து வைத்தார். அக்காவின் ஸ்டூலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செத்துப்போனதே அவருக்குப் போன மாதம்தான் தெரிந்ததாம். "தனியா பண்ணிடுவீங்களாம்மா?" பண்ணிடுவேன் என்றேன். வேறென்ன சொல்ல? அவரும் போய்விட்டால் இந்த ரிப்பேர் கடைக்கு வேலையே இல்லை. அப்புறம் அண்ணன் வீட்டுப் பின்னறைதான்.

மார்ச் 4
ஈயம் வைத்துப் பற்றவைப்பது கைக்கு வந்துவிட்டது. அக்கா செய்வதைப் பார்த்துப் பார்த்தே படிந்திருக்கிறது. ஆனால் போர்டில் நிற்கும் உருளைக் கெப்பாசிட்டர் ஆடாமலிருக்க அடியில் பசை வைக்க வேண்டும். அவளுடைய ட்யூப் காய்ந்துபோய்விட்டது. தின்னர் பட்டுப் பட்டு எழுத்தெல்லாம் அழிந்திருக்கிறது. பேர் என்னவென்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம். எங்கே போய்விடப் போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

மார்ச் 5
பசைக்கடை. சூடு தாங்கணும் என்றதும் நாலைந்து எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாகத் திறந்து மோந்தேன். "மோந்து பாத்து வாங்க இது என்ன சென்ட்டாம்மா?" என்றார். அவளுடையதற்கு வாடை கிடையாது — அப்படித்தான் நினைவு. நிச்சயமில்லை. சிவப்புப் பசை எஞ்சினுக்கே போடுவதாம். புளித்த வாடை அடித்தது. காய்ந்தால் போய்விடும் என்றார். வாங்கிவிட்டேன்.

மார்ச் 7
போர்டை முடித்துக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 19
திரும்பி வந்துவிட்டது. பசை அசையவில்லை. பிய்த்துப் பார்த்தால் அடியில் செம்பு பச்சை பூத்து, ஒரு கோடு அறுந்தே கிடந்தது. சூட்டை மட்டும்தானே பார்த்தேன். அந்தப் புளிப்பு செம்பைத் தின்னும் என்று தோன்றவேயில்லை.
"இன்னொரு தடவை பாருங்கம்மா. ஆகலைன்னா டவுன்ல குடுத்துக்கறேன்." இதற்குப் பேக்கரிக்காரர் கத்தியே இருக்கலாம்.

மார்ச் 20
மற்ற பசைகளையும் வாங்கிவந்தேன். குப்பைப் போர்டைப் பளபளவென்று சுரண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. காயட்டும்.

மார்ச் 23
இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக் கவிழ்த்து, அதன்மேல் போர்டு. உருக்கி ஊற்றும் குச்சிப் பசை முதலிலேயே வழிந்தது. இரண்டு ட்யூபைக் கலந்து போட்டது கல்லாக நின்றது. கத்தி வைத்தும் வரவில்லை. முன்பு ஒருமுறை நான் அதை எடுத்தபோது அக்கா கேட்டாள்: "நாளைக்கு உன் மாமியாரா வந்து இதைக் கழட்டுவா?" எனக்கேதுடி மாமியார்.
சிவப்பின் அடியில் மறுபடியும் பச்சை.
வெள்ளை மட்டும் ரப்பர் மாதிரி மெத்தென்று நின்றது. நகத்தால் உரிந்தது. அடியில் செம்பு புதுசாக இருந்தது. வாடையும் இல்லை. இதுதானா உன்னுடையது? யாரைக் கேட்பேன்?

மார்ச் 25
அறுந்த கோட்டுக்குக் கம்பி வைத்து ஒட்டி, வெள்ளையைப் போட்டு, ஒரு நாள் முழுக்க அதைத் தொடாமல் இருந்தேன். இன்று கொடுத்தேன்.

ஏப்ரல் 2
அண்ணன் போனில். "பிடிவாதம் பிடிக்காத. வந்து எங்களோட இரு." பார்க்கலாம் என்றேன். அவன் வைத்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன்.

மே 11
பேக்கரிக்காரர் போர்டோடு வாசலில். அவசரமாக வாங்கினேன். பிரித்தால், வெள்ளைப் பசை வைத்தது வைத்தபடி. ஃபியூஸின் மேல் ஒரு கரப்பான்பூச்சி, கருகி. தானும் போய் ஃபியூஸையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. காட்டினேன். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. பேக்கரியில கரப்பான்னா வியாபாரம் போச்சு." மற்ற இரண்டு அடுப்பின் போர்டையும் நாளைக்கே கொண்டுவருகிறாராம்.
அவர் போனதும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தேன். அப்புறம் நிற்கவில்லை, அந்தத் தண்ணீர்.
யாரிடம் சொல்லப் போகிறேன்? இங்கே எழுதியதோடு சரி.