கூன்தேக்குப் படைத்த சோறு

புசான்,
டிசம்பர் 11

போரம் அப்பாவுக்கு,

உங்கள் நலம் கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். கேட்பதற்கு என்ன இருக்கிறது, சிறைக் காவலரே தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஒரு வாரமாகச் சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வருகிறதாம். "எங்க பேச்சைக் கேக்க மாட்டேங்கிறார், நீங்களாவது எழுதுங்கம்மா" என்றார். அதனால் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. இந்த ஆண்டு குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்கு நான் ஒருத்தியே உட்கார்ந்து முட்டைக்கோஸுக்கு உப்பு போட்டேன். போன ஆண்டு அக்கம்பக்கத்துப் பெண்களால் வீடு கொள்ளவில்லை. இப்போது எட்டிப் பார்க்க ஆளில்லை. நம் பெண் போரம் தேகு நகரத்திலேயே இருக்கிறாள். முடிதிருத்தும் கடையில் உடன் வேலை செய்கிறவர்களிடம் அப்பா இல்லை என்று சொல்லிவிட்டாளாம். "செத்துட்டார்னு சொன்னா அதுக்கப்புறம் யாரும் எதுவும் கேக்கறதில்லம்மா" என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் பழைய அடியாள் கூட்டத்து மான்ஹோவுக்கு வலது கண் போய்விட்டது. அவன் பெண்டாட்டி நம் வாசலில் வந்து கத்திவிட்டுப் போனாள். கேட்டுக்கொண்டு நின்றேன்.

மான்ஹோதான் எல்லாவற்றையும் கெடுத்தான் என்று போன கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் கொன்ற கூன்தேயின் அம்மா மீன் விற்கிற சந்தையாகப் பார்த்து, விடுதலையான கையோடு ஐஸ் வண்டி தள்ளும் வேலைக்குச் சேர்ந்தீர்கள். தொங்யோங் ஊர்க்காரர் என்பதால் சந்தையில் தொங்யோங் அம்மா என்று கூப்பிடும் அவருக்கு நீங்கள் வெறும் ஐஸ்காரர். "என் வாயாலேயே அவங்ககிட்ட சொல்லணும், அதுக்குத்தான் போறேன்" என்றீர்கள். நல்ல காரியம் என்று நானும் நம்பினேன். அவர் பெட்டிகளைத் தூக்கினீர்கள், கடையைக் கழுவினீர்கள், அவர் ஊற்றிய சூப்பைக் குடித்தீர்கள். சொல்வதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினீர்கள். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது?

அப்புறம் கூன்தேயின் திதி வந்தது. படைத்த சோற்றைத் தனியாகத் தின்னக் கூடாது என்று அந்த அம்மா உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். "எனக்கு வேற யாருப்பா இருக்கா, உக்காரு" என்றாராம். நீங்களும் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். நம் வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் வாந்தியெடுத்தீர்கள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

மறுவாரம் மான்ஹோ புதுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குள் வந்தான். நான் உங்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தேன். "யாருன்னு நெனச்சீங்க? கூன்தேயைச் சாய்ச்ச கில்சாங் அண்ணன்டா! குனிங்கடா!" என்று உங்களைக் காட்டிக் கத்தினான். எல்லாரும் வரிசையாக நின்று இடுப்பு வரை குனிந்தார்கள். அவன் மரியாதைதான் செய்தான். அந்த மரியாதையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். எதிர்க்கடையில் தொங்யோங் அம்மா பாதி அரிந்த மீனோடு நின்றார். ஒரு வார்த்தை அவரிடம் பேசியிருக்க வேண்டும். நீங்களோ அவர் பக்கமே திரும்பாமல் ஐஸ் கொக்கியை எடுத்து மான்ஹோவின் கண்ணில் இறக்கினீர்கள்.

நேற்று அந்த அம்மா இங்கே வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "யாருக்கு வச்ச சோறுன்னு தெரிஞ்சுதான் தின்னானா?" என்று கேட்டார். தெரிந்துதான் என்றேன். வீட்டுக்கு வந்து வாந்தியெடுத்ததையும் சொன்னேன். அதைக் கேட்டால் அவர் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான். அவர் முகம் கோணிப்போயிற்று.

"என் புள்ளைக்கு வச்ச சோறும்மா. அதையாவது வயித்துல வச்சிருக்கக் கூடாதா?"

சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். கடையை விற்றுவிட்டு ஊருக்கே திரும்புகிறாராம்.

அவர் உங்களை மன்னிக்கவில்லை. மன்னிப்பார் என்று பொய் எழுத மாட்டேன். போரம் உங்களைப் பார்க்க வருவாள் என்றும் சொல்ல மாட்டேன். இனி நமக்கு நல்லது நடக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் நாளைக்குத் தட்டு வந்தால் கையில் எடுங்கள். குமட்டினாலும் விழுங்குங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இந்தச் சோற்றையாவது வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியாகவே இருக்கும்
போரம் அம்மா