கிளாரினெட் வாசித்தவர்

மட்டாஞ்சேரி
ஜூன் 14, 2025

அன்புள்ள ஹரிஷங்கருக்கு,

அல்தாஃப் எழுதுவது. படைத்தவன் கருணையில் இங்கே எல்லாரும் சுகம். ஹாம்பர்க்கில் நீயும் விஷ்ணுப்ரியாவும் அப்படியே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் முடிகிற சமாசாரத்தைத் தாளில் எழுத வைத்துவிட்டாய். மலிவு ஜாஸ் இசைத்தட்டுகளில் பெயர் இல்லாமல் வாசித்தவர்கள் யார் யார் என்று தேடித் தொகுக்கிற உன் ஜெர்மன் கிழவருக்கு எழுத்தில்தான் சாட்சி வேண்டுமாம். என் தமிழில் பிழை இருந்தால், நம் இருவருக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்த உன் அம்மாவிடமே புகார் சொல்.

நீ அனுப்பிய இசைத்தட்டு உடையாமல் வந்தது. அட்டையில் கடற்கரை, ஒரு பெண், ஏதோ ஒரு வாத்தியக் குழுவின் பெயர். அப்படி ஒரு குழுவே இருந்திருக்காது. யாரையோ நாள் கூலிக்கு அழைத்து வாசிக்க வைத்து, பெட்ரோல் பங்கில் வைத்து விற்ற சரக்கு இதெல்லாம். அதில் மூன்றாவது பாட்டில் கிளாரினெட் வாசிப்பது கப்பலில் பாண்டு வாசித்துக்கொண்டிருந்த உன் அப்பாதான் என்று உனக்கு ஒரே பிடிவாதம்.

பிடிவாதம் எனக்குப் புரிகிறது. எழுபத்து மூன்றில் அவர் கடலில் விழுந்துவிட்டார் என்று தந்தி வந்தது. உடல் கிடைக்காததால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, நாலு வயசுப் பிள்ளை உன் கையால் தீ வைக்க வைத்தார்கள். அவர் மூச்சாவது கிடைக்காதா என்று நீ அலைகிறாய்.

ஞாயிற்றுக்கிழமை பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய் உன் அம்மா சீதாமாமிக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். இது அவர் இல்லையாக்கும் என்றார். அவர் வாசிப்பு கனமாக, சாவகாசமாக இருக்குமாம். இந்த ஆள் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி ஊதுகிறானாம். கூட வாழ்ந்தவர் சொன்ன பிறகு மேல்கோர்ட் ஏது? மனசைத் தேற்றிக்கொள்.

உன் அல்தாஃப்


மட்டாஞ்சேரி
ஜூலை 10, 2025

அன்புள்ள ஹரிக்கு,

முன்பு எழுதியதைக் கிழவரிடம் கொடுத்திருந்தால் இதைப் படித்துவிட்டு என்ன செய்வதென்று நீயே முடிவு செய். போனில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

போன வாரம் பேய் மழை. ஜூ டவுனில் என் பழம்பொருள் கடைப் பக்கம் ஈ காக்கை இல்லை. சும்மா இருக்க முடியாமல் உன் தட்டை மறுபடியும் போட்டேன். ஒரு பக்கத்தில் நிறையப் பாட்டுகளை அடைப்பதற்காக இந்த மலிவுக் கம்பெனிகள் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பதிந்துவிடுவது உண்டு. சந்தேகம் வந்து பிளேயரில் வேகத்தைக் குறைத்தேன். தாளம் நிதானத்துக்கு வந்தது. கிளாரினெட் கனத்தது. உடனே மாமியிடம் ஓடினேன்.

மாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கியதும் கத்தி நின்றுவிட்டது. முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். மூச்சு எடுக்கிற இடத்தில் தொண்டைக்குள்ளே முனகுகிறார் பார், இதுக்காக நான் எத்தனை சண்டை போட்டிருப்பேன் என்று சொல்லிச் சிரித்தார். மாமி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இது எப்போது வாசித்தது என்று கேட்டார்.

போன வாரம் வார்த்த குத்துவிளக்கை நூறு வருஷத்துச் சாமான் என்று வெள்ளைக்காரச் சாயிப்புக்கு விற்கிற வாய் என்னுடையது. அன்றைக்கு மட்டும் உண்மை சொல்லித் தொலைத்தது. பாட்டின் பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் மாமி, ஆனால் மெட்டு ஒரு வெளிநாட்டுப் படத்தினுடையது, படம் வந்தது எழுபத்தெட்டில், அதற்கு முன்னால் இதை யாரும் வாசித்திருக்க முடியாது என்று பெரிய கெட்டிக்காரன் மாதிரி விளக்கினேன். சொல்லி முடித்த பிறகுதான் தந்தி வந்த வருஷம் எனக்கே உறைத்தது. நீ இதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் பேசாமல் இருந்தாயா, தெரியவில்லை. உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. என்மேலும்தான்.

எழுபத்தெட்டா என்று மட்டும் கேட்டார். எழுந்து வந்து முள்ளைத் தானே தூக்கினார். முள் வழுக்கித் தட்டில் கீறல் விழுந்துவிட்டது. அவர் இல்லை, முதலில் சொன்னதுதான், அப்படியே எழுதிவிடு என்றார். பிறகு உட்கார்ந்து மீதி வெண்டைக்காயை நறுக்கினார். நான் பிளேயரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமி எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். நான் பார்த்ததையும் எழுதிவிட்டேன்.

இன்னொன்று. ஆடி பிறக்கப் போகிறது. உன் அப்பாவின் திதிக்கு வருஷா வருஷம் உன் பெயரைச் சொல்லி மாமி ஏற்பாடு செய்வாரே, அந்தச் சாஸ்திரிகளை நேற்று காய்கறிக் கடையில் பார்த்தேன். இந்த வருஷம் வர வேண்டாம், இனிமேலும் வேண்டாம் என்று மாமி போன் செய்து சொல்லிவிட்டாராம். போய்க் கேட்டேன். முட்டுவலி என்றார். பேச்சை மாற்றி, என் மகள் அஃப்னாவுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டார்.

கிழவரின் புத்தகத்தில் பெயர் ஏறுவதும் ஏறாததும் உன் இஷ்டம். ஆனால் திதியன்று மாமி அந்த வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. அவரிடம் நீ எதுவும் கேட்க வேண்டாம். வந்து, போடுகிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் இரு, போதும். ஒரு டிக்கெட் போடு ஹரி. தட்டு என் கடையிலேயே இருக்கட்டும்.

படைத்தவன் உன்னைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அல்தாஃப்